தோலை உரிக்கும் மாத்திரைகள்: நாம் தெரிந்து கொள்ள வேண்டிய அபாயம்

(இளைஞர்களும் வணிகர்களும் மருந்துக் கடை உரிமையாளர்களும் திரளாகக் கலந்து கொண்ட மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

மருத்துவக் கூட்டம் என்றால் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, மாரடைப்பு இவற்றைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். இன்று நான் எடுத்துக் கொண்டிருப்பது வேறு தலைப்பு. நோயைத் தீர்க்க நாம் விழுங்குகிற மாத்திரையே சில நேரங்களில் உடம்புத் தோலை உரித்து உயிருக்கு உலை வைக்கிறதே, அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லி விடுகிறேன். இது அபூர்வமான நோய். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒரு சிலருக்குத்தான் வருகிறது. ஆகவே யாரும் பயந்து போய், சாப்பிட்டுக் கொண்டிருக்கும் மாத்திரைகளைக் குப்பையில் கொட்டி விடாதீர்கள். பிறகு ஏன் இதைப் பேச வேண்டும்? வந்து விட்டால் ஒவ்வொரு நாளும் கணக்கு. தெரிந்தவன் பிழைக்க வழி உண்டு. தெரியாதவன் அந்த மாத்திரையையே மேலும் இரண்டு நாள் விழுங்குவான். அதனால்தான் பேசுகிறேன்.

என்ன நோய் இது?

1922ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஸ்டீவன்ஸ், ஜான்சன் என்ற இரண்டு மருத்துவர்கள் இரு சிறுவர்களைப் பற்றி எழுதினார்கள். காய்ச்சல், வாயெல்லாம் புண், கண்ணில் கடும் அழற்சி, உடம்பெங்கும் தடிப்பு. அவர்கள் பெயரிலேயே அது ‘ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய்’ என்று அழைக்கப்படுகிறது. 1956ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த லயல் என்ற தோல் மருத்துவர் இதைவிடக் கடுமையான நிலையை விவரித்தார். கொதிக்கும் தண்ணீரை ஊற்றியது போல நோயாளியின் தோல் வெந்து கழன்றது. அதைச் சுருக்கமாக ‘டென்’ என்கிறோம்.

இரண்டும் ஒரே நோயின் இரண்டு படிகள். உடம்புத் தோலில் பத்தில் ஒரு பங்குக்குக் குறைவாக உரிந்தால் ஸ்டீவன்ஸ்-ஜான்சன். பத்தில் மூன்று பங்குக்கு மேல் உரிந்தால் டென். முதல் வகையில் நூற்றுக்குப் பத்துப் பேர் வரை இறக்கிறார்கள். இரண்டாம் வகையில் மூன்றில் ஒருவர் போய் விடுகிறார். தப்பிப் பிழைத்தவர்களிலும் பலருக்குக் கண்ணில் ஈரம் வற்றி, பார்வை மங்கி, வெளிச்சத்தைப் பார்க்க முடியாத நிலை வாழ்நாள் முழுதும் தொடர்கிறது.

‘ட்ரெஸ்’ என்று மூன்றாவது ஒன்றும் உண்டு. அதில் தோல் உரிவது முக்கியமல்ல. காய்ச்சல், தடிப்பு, முகவீக்கம், நெறி கட்டுதல் ஆகியவற்றோடு உள்ளே ஈரலும் சிறுநீரகமும் பாதிக்கப்படுகின்றன.

உடம்பு ஏன் தன்னையே தாக்குகிறது?

நமது உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி நுழைந்த செல்லை அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. ஒவ்வொரு செல்லும் தன் வாசலில் ஒரு அடையாள அட்டையைக் காட்டுகிறது. எச்.எல்.ஏ. என்பது அந்த அட்டையின் பெயர். அது பெற்றோரிடமிருந்து நமக்கு வருவது. ஆளுக்கு ஆள் மாறுபடும். சிலருடைய அட்டையில் குறிப்பிட்ட ஒரு மருந்து போய் ஒட்டிக் கொள்கிறது. காவல் படை அதைப் பார்த்து, எதிரி நுழைந்து விட்டான் என்று தவறாகக் கணித்துத் தோல் செல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொல்கிறது. மேல்தோல் செத்து, அடித்தோலிலிருந்து பிரிந்து விடுகிறது.

இதில் இரண்டு செய்திகளைக் கவனியுங்கள்.

ஒன்று, இது மருந்து கெட்டுப் போனதால் வருவதல்ல. போலி மருந்தால்தான் வரும் என்பதும் இல்லை. நல்ல கம்பெனியின் நல்ல மாத்திரை, மருத்துவர் எழுதிய சரியான அளவு, ஆயிரம் பேருக்குக் குணம் தந்த அதே மருந்துதான் ஒருவருக்கு மட்டும் இப்படி ஆகிறது.

இரண்டு, இது மாத்திரை போட்ட ஐந்தாவது நிமிடத்தில் வருவதல்ல. பெரும்பாலும் 4 நாளிலிருந்து 28 நாளுக்குள் வருகிறது. சில மருந்துகளுக்கு எட்டு வாரம் வரைகூட ஆகலாம். ‘மூன்று வாரமாகச் சாப்பிடுகிறேனே, இதனால் இருக்காது’ என்று நாம் சொல்கிறோமே, அந்த எண்ணம்தான் ஆளைக் கொல்கிறது!

ஊசி போடும் முன் ‘டெஸ்ட் டோஸ்’ போட்டுப் பார்த்து விட்டால் போதும் என்று பலர் நம்புகிறார்கள். அந்தச் சோதனை சில நிமிடங்களில் மூச்சு முட்டி மயங்கி விழும் உடனடி ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கத்தான். நான் சொல்லும் இந்தத் தாமத வகையை அது காட்டாது.

எந்த மருந்துகள்?

நூற்றுக்கும் மேற்பட்ட மருந்துகள் மீது குற்றச்சாட்டு உண்டு. ஆனால் பெரும்பாலான நிகழ்வுகளுக்குக் காரணம் சில மருந்துகளே. இந்தப் பெயர்களைத் தயவு செய்து குறித்துக் கொள்ளுங்கள்.

வலிப்புக்குத் தரும் கார்பமாசபின், பெனிடாயின், பீனோபார்பிடோன், லாமோட்ரிஜின். இவற்றில் கார்பமாசபின் முக நரம்பு வலிக்கும் தரப்படுகிறது. யூரிக் அமிலத்திற்கான அலோபியூரினால். சல்பா வகையைச் சேர்ந்த கோட்ரைமாக்சசோல். எய்ட்ஸ் சிகிச்சையில் பயன்பட்ட நெவிராபின். மூட்டு வலிக்கான பைராக்சிகாம், மெலாக்சிகாம்.

அலோபியூரினாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். முழு உடல் பரிசோதனை என்று ஒரு பட்டியலை எடுக்கிறோம். யூரிக் அமிலம் கொஞ்சம் கூட இருக்கிறது. மூட்டு வீக்கமும் இல்லை, கல்லும் இல்லை, வலியும் இல்லை. ஆனாலும் ரிப்போர்ட்டைப் பார்த்த நண்பர் ‘நான் இந்த மாத்திரைதான் போடுகிறேன், நீயும் போடு’ என்கிறார். போடுகிறோம். தேவையில்லாத மருந்துக்கு உயிரைப் பணயம் வைப்பது என்ன நியாயம்? தேவைப்படுகிறவருக்கு அது நல்ல மருந்துதான். ஆனால் குறைந்த அளவில் தொடங்கி, சிறுநீரகத்தின் நிலையைப் பார்த்து, மருத்துவர் மெல்ல மெல்லக் கூட்ட வேண்டிய மருந்து அது.

சகோதரிகள் கவனிக்க வேண்டியது மெபனமிக் அமிலம். மாதவிலக்கு வலிக்கும் பல்வலிக்கும் வீடு வீடாகப் புழங்கும் மாத்திரை. இது ‘ட்ரெஸ்’ நோயை உண்டாக்கலாம் என்று இந்திய மருந்தியல் ஆணையம் 2023 நவம்பரில் எச்சரிக்கை வெளியிட்டது. தடை செய்யவில்லை. கவனமாக இருங்கள் என்றது. எத்தனை வீடுகளுக்கு அந்தச் செய்தி போய்ச் சேர்ந்தது?

வறியவர்களுக்கு வந்த மலிவு மருந்தின் கதையும் உண்டு. தயாசெட்டசோன் என்ற காசநோய் மருந்து விலை மிகக் குறைவு என்பதால் நமது நாட்டிலும் ஆப்பிரிக்காவிலும் பல்லாண்டுகள் ஏழைகளுக்குத் தரப்பட்டது. எய்ட்ஸ் கிருமி பரவிய பிறகு, அந்தக் கிருமி உள்ள காசநோயாளிகளுக்கு இம்மருந்து தோலை உரித்து உயிரைப் பறிக்கிறது என்று கென்யாவின் நைரோபியில் நடந்த ஆய்வு 1991ல் எடுத்துக் காட்டியது. அதன் பிறகே அவர்களுக்கு அதைத் தரக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பின்விளைவுகளை யாராவது எண்ணிக் கணக்கு வைத்தால்தான் உண்மை வெளியே வரும் என்பதற்கு இதுவே சாட்சி.

தைவான் காட்டிய வழி

2004ல் தைவான் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு பெரிய உண்மையைக் கண்டுபிடித்தார்கள். கார்பமாசபின் சாப்பிட்டு ஸ்டீவன்ஸ்-ஜான்சன் வந்த 44 நோயாளிகளைச் சோதித்தார்கள். 44 பேரிடமும் எச்.எல்.ஏ.-பி 15:02 என்ற ஒரே மரபணு வகை இருந்தது! அதே மருந்தைச் சாப்பிட்டு ஒன்றும் ஆகாதவர்களில் நூற்றுக்கு மூன்று பேரிடம்தான் அது இருந்தது.

அவர்கள் அத்தோடு நிற்கவில்லை. 23 மருத்துவமனைகளில் 4,877 பேருக்கு மருந்து தருவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்தார்கள். அந்த மரபணு இருந்தவர்களுக்கு வேறு மருந்து தந்தார்கள். பழைய கணக்குப்படி சுமார் பத்துப் பேருக்கு இந்த நோய் வந்திருக்க வேண்டும். ஒருவருக்குக் கூட வரவில்லை! இந்த முடிவு 2011ல் வெளியானது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2007லேயே, ஆசிய வம்சாவளியினருக்கு இந்த மருந்தைத் தரும் முன் சோதித்துப் பாருங்கள் என்று எச்சரித்து விட்டது.

நமது நாட்டில்? இந்தியர்களில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேரிடம் இந்த மரபணு இருக்கலாம் என்கிறது அதே அமெரிக்கத் துறையின் மருந்துக் குறிப்பு. 2009ல் வெளியான சிறிய இந்திய ஆய்வு ஒன்றில், கார்பமாசபினால் பாதிக்கப்பட்ட எட்டுப் பேரில் ஆறு பேரிடம் அது காணப்பட்டது. மரபணு இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதையும் சொல்லி விடுகிறேன். ஆனால் வாழ்நாளில் ஒரே ஒரு முறை செய்தால் போதும் என்ற ஒரு இரத்தப் பரிசோதனை, சாதாரண மக்கள் போகும் இடங்களில் கிடைக்க வேண்டாமா?

ஒரு வழக்கு சொல்லும் பாடம்

அமெரிக்காவில் வாழ்ந்த அனுராதா சாஹா என்ற குழந்தை உளவியலாளர் 1998ல் கணவரோடு கல்கத்தாவுக்கு விடுமுறையில் வந்தார். ஏப்ரல் கடைசியில் தோலில் தடிப்பு, காய்ச்சல். மே 7ஆம் தேதி, மெதுவாக வேலை செய்து உடம்பில் நீண்ட நாள் தங்கும் ஸ்டீராய்டு ஊசி 80 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு முறை என்று எழுதப்பட்டது. நிலைமை மோசமாகி 11ஆம் தேதி தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள். 17ஆம் தேதி விமானத்தில் பம்பாய்க்குக் கொண்டு போனார்கள். 28ஆம் தேதி இறந்து போனார். நோய், நான் சொன்ன அதே டென்.

கணவர் குணால் சாஹாவும் மருத்துவர். அவர் விடவில்லை. வழக்குத் தொடுத்தார். தேசிய நுகர்வோர் ஆணையம் 2006ல் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் உச்ச நீதிமன்றம் போனார். 2009ல் சிகிச்சையில் கவனக்குறைவு நடந்தது உண்மை என்று நீதிமன்றம் சொன்னது. 2013 அக்டோபரில் சுமார் ஆறு கோடி ரூபாய், அதற்கு மேல் வட்டி என்று இழப்பீடு வழங்கியது. மொத்தம் பதினோரு கோடியைத் தாண்டியது.

படித்தவர், வசதியுள்ளவர், கணவரே மருத்துவர். அவருக்கே நீதி கிடைக்கப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. மருந்துச் சீட்டும் மருத்துவமனைக் குறிப்புகளும் கையில் இருந்தால்தான் இப்படிப் போராட முடியும். நமது வீடுகளில் மருந்துச் சீட்டு எங்கே இருக்கிறது? மாத்திரை தீர்ந்த அன்றே அடுப்பங்கரைக்குப் போய் விடுகிறது!

அம்மை என்று நினைத்து விடாதீர்கள்

கிராமங்களில் நான் அடிக்கடி காண்பது இது. காய்ச்சலோடு உடம்பில் கொப்புளம் வந்தால் ‘அம்மை போட்டிருக்கிறது’ என்று வேப்பிலையில் படுக்க வைத்து விடுகிறார்கள். வாய்ப்புண்ணா, ‘உடம்புச் சூடு’ என்று எண்ணெய் தேய்க்கிறார்கள். அக்கி என்று காவி பூசுவோரும் உண்டு. இடையில் மாத்திரை மட்டும் நிற்காமல் உள்ளே போய்க் கொண்டே இருக்கும்!

அடையாளங்களைச் சொல்கிறேன். புதிதாக ஒரு மருந்து தொடங்கி இரண்டு மாதத்திற்குள் காய்ச்சலோடு தடிப்பு. தோலைத் தொட்டாலே வலி, எரிச்சல். உதடு, வாய், கண், சிறுநீர் வரும் இடம் இவற்றில் புண். கண் சிவந்து பீளை கட்டுதல். நடுவில் கருத்த வட்டத் திட்டுகள். கொப்புளம். தோலை இலேசாகத் தேய்த்தாலே நழுவுதல். முகம் வீங்குதல். இவற்றில் எதைக் கண்டாலும் ‘காலையில் பார்க்கலாம்’ என்று தள்ளிப் போடாதீர்கள்.

சிறிய எச்சரிக்கை ஒன்றும் உண்டு. குறிப்பிட்ட மாத்திரை போடும் போதெல்லாம் உதட்டிலோ கையிலோ அதே இடத்தில் கருப்புத் திட்டு வருகிறதா? அந்த மருந்து உங்களுக்கு ஆகாது என்று உடம்பு எழுதித் தரும் சீட்டு அது. மறுபடி அதைத் தொடாதீர்கள்.

வந்து விட்டால் என்ன செய்வது?

முதல் வேலை, சந்தேகத்திற்குரிய மருந்தை நிறுத்துவது. உடனே மருத்துவரைப் பார்ப்பது. வலிப்பு மருந்து சாப்பிடுகிறவர்கள் தடிப்பு எதுவும் இல்லாத நிலையில் இந்த உரையைக் கேட்டு விட்டு நிறுத்தக் கூடாது. வலிப்பே ஆளைக் கொன்று விடும். தடிப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார்.

இரண்டாவது, சிறிய கிளினிக்கில் ஊசி போட்டு வீட்டுக்குத் திரும்பும் நோயல்ல இது. தீக்காயப் பிரிவு, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைக்கு, குறிப்பாக அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். 108க்குச் சொல்லுங்கள். தோல் போன உடம்பிலிருந்து நீரும் வெப்பமும் வெளியேறுகின்றன, கிருமி உள்ளே நுழைகிறது. ஆகவே சிகிச்சையின் உயிர்நாடி பராமரிப்புத்தான். முதல் நாளிலிருந்தே கண் மருத்துவரும் பார்க்க வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

மூன்றாவது, கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட எல்லா மருந்துகளையும் அட்டைகளோடு எடுத்துப் போங்கள். நாட்டு மருந்து, லேகியம், வெளிநாட்டிலிருந்து வந்தவர் கொடுத்த மாத்திரை, எதையும் மறைக்காதீர்கள்.

பிழைத்து எழுந்த பிறகு, அந்த மருந்தின் பெயரை எழுதிய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளுங்கள். கடைப் பெயரை மட்டும் எழுதினால் போதாது, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை எழுத வேண்டும். ஒரே மருந்து பத்துப் பெயரில் விற்கிறது. கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் மருத்துவரிடம் இதைச் சொல்ல வேண்டும். மரபணு குடும்பச் சொத்து. சொந்தத்திலேயே பெண் எடுத்துப் பெண் கொடுக்கும் நமது குடும்பங்களில் இது இன்னும் முக்கியம்.

மருந்து வணிகம் செய்யும் சகோதரர்களுக்கு

உங்களிடம் உரிமையோடு பேசுகிறேன். ‘பாய், காய்ச்சலுக்கு ரெண்டு வேளை மாத்திரை கொடுங்க’ என்று கேட்டு வருகிறவருக்கு நான்கு நிற மாத்திரையைக் கவரில் போட்டுக் கொடுக்கிறோம். பெயர் இல்லை, பில் இல்லை. நாளை அவருக்குத் தோல் உரிந்தால் எந்த மாத்திரை என்று எந்த மருத்துவர் கண்டுபிடிப்பார்?

சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளைச் சட்டமே பட்டியல் போட்டிருக்கிறது. 2014 மார்ச் முதல் சில மருந்துகளுக்குத் தனிப் பதிவேடும் கட்டாயமாகி விட்டது. அதை அதிகாரியின் தொல்லையாகப் பார்க்காதீர்கள். அட்டையை வெட்டும் போது மருந்தின் பெயர் உள்ள பகுதி வாங்குகிறவரிடம் போகும்படி வெட்டுங்கள். சிறு தொகையானாலும் பில் கொடுங்கள். ‘முன்னால் எந்த மாத்திரையாவது ஒத்துக் கொள்ளாமல் போயிருக்கிறதா?’ என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பத்து விநாடிதான் ஆகும். சரியான நிறுவையும் சரியான அளவையும் வணிகனின் கடமை என்றால், மருந்துக் கடையில் அந்த நிறுவை இந்தக் கேள்விதான்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை

நமது நாட்டில் மருந்துப் பின்விளைவுகளைப் பதிவு செய்யும் திட்டம் 2010ல் தொடங்கியது. காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் அதை நடத்துகிறது. மருத்துவக் கல்லூரிகளில் கண்காணிப்பு மையங்கள் இருக்கின்றன. மருத்துவர்தான் புகார் தர வேண்டும் என்பதில்லை. பொது மக்களுக்கான படிவம் தமிழிலேயே இருக்கிறது. கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024. மெபனமிக் அமிலம் பற்றிய எச்சரிக்கை இத்தகைய பதிவுகளை ஆராய்ந்துதான் வந்தது.

ஒவ்வொரு ஊரிலும் இந்த எண்ணை எழுதி மருந்துக் கடைகளில் ஒட்டுங்கள். பாதிக்கப்பட்டவர் வீட்டுக்குப் போய்ப் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். அரசு மருத்துவக் கல்லூரிகளில் மரபணுப் பரிசோதனையை இலவசமாகச் செய்ய வேண்டும், எச்சரிக்கைகளைத் தமிழில் அச்சிட வேண்டும் என்று சட்டமன்ற உறுப்பினர்களிடம் மனு கொடுங்கள். தைவானால் முடிந்தது நம்மால் முடியாதா?

வாப்பாவுக்கு, உம்மாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுப்பது பெரும்பாலும் நீங்கள்தான். இன்று வீட்டுக்குப் போனதும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். எது எதற்கு, யார் எழுதியது, என்றைக்குத் தொடங்கியது என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எதற்கென்றே தெரியாத மாத்திரை இருந்தால் அதை எடுத்துக் கொண்டு மருத்துவரிடம் போங்கள்.

 கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.